தட்டிப் பார்த்து அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பிரிங்கின் விறைப்பும் (அதை நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்பது) அதில் ஆடும் நிறையும் தெரியாது. தட்டினால் ஆடும் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 ஆட்டம். இரண்டையும் கண்டுபிடிக்கலாமா?

பதில்: ஒரே அதிர்வெண்ணை வைத்து முடியாது, அது இரண்டின் விகிதத்தைத்தான் சொல்லும். 200 கிராம் எடையை அதோடு சேர்த்து இறுக்கி மறுபடி தட்டுங்கள். 8 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விறைப்பு என்பது நிறை × அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகிறது; அது மாறாததால், நிறை × 100 = (நிறை + 200) × 64. நிறை சுமார் 356 கிராம், விறைப்பு மீட்டருக்குச் சுமார் 1,400 நியூட்டன். ஸ்பிரிங்கின் சொந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் அந்த 356-க்குள் அடங்கிவிடும். எடையை மெத்தென்ற டேப்பில் ஒட்டாதீர்கள், அது தனியாக ஆடும்.

கேள்வி: அளக்க போன் போதுமா?

பதில்: நொடிக்கு 100 முறை பதிவு செய்யும் உணரி 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமானது. 70 ஹெர்ட்ஸ் அதிர்வு அதில் 30 என்று பொய்யாகத் தெரியும். இன்னொன்று, லேசான பொருளின் மேல் போனைக் கட்டினால் நீங்கள் அளப்பது போனைத்தான்.

கேள்வி: எஃகு ஸ்கேலை மேசை ஓரத்தில் கவ்வி, 20 செ.மீ. வெளியே நீட்டி அதிரவிட்டேன். யங் குணகம் (பொருள் நீட்சிக்கு எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 200 கிகாபாஸ்கல் வர வேண்டியது, 170தான் வந்தது. காற்றுத் தணிப்பு, அதாவது காற்று ஆட்டத்தை அடக்குவது, காரணமா?

பதில்: இல்லை. கவ்வியைப் பாருங்கள். எப்போதும் முதலில் கவ்வி!

கேள்வி (இன்னொருவர்): தணிப்பு அதிர்வெண்ணைக் குறைக்கும் என்று பாடநூலிலேயே இருக்கிறதே?

பதில்: குறைக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. குணகம் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போவதால், 200 என்பது 170 ஆக வேண்டுமென்றால் அதிர்வெண் 8 சதவீதம் குறைய வேண்டும். அதற்குத் தணிப்பு விகிதம் (ஆடாமலே நின்றுபோகும் நிலையை 1 என்று கொண்ட அளவு) 0.39 வேண்டும். அப்படியிருந்தால் ஒரே ஆட்டத்தில் வீச்சு 7 சதவீதமாகச் சுருங்கி ஸ்கேல் நின்றே போயிருக்கும். உங்கள் ஸ்கேல் எத்தனை முறை ஆடியது? தணிப்பு 0.05 ஆக இருந்தாலும் அதிர்வெண் 0.13 சதவீதம்தான் குறையும். மாறாக, குணகம் நீளத்தின் நான்காம் அடுக்கோடு போகிறது. கவ்விக்குள்ளே 8 மி.மீ. நழுவி வளைந்தால் போதும், 170 வந்துவிடும். தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தீர்களா? 1 மி.மீ. பட்டையில் 0.05 தவறினால் விடை 10 சதவீதம் போச்சு.

கேள்வி: எந்த போன் செயலி நல்லது?

பதில்: போன் பற்றி மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: கப்பிகளில் ஓடும் பெல்ட்டைத் தட்டி அதன் இழுவிசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: 4 × ஒரு மீட்டரின் நிறை × (நீளம் × அதிர்வெண்)². நீளம் என்பது இரு கப்பிகளுக்கிடையே தொடாமல் நிற்கும் பகுதி மட்டும்.

கேள்வி: கார் எஞ்சின் அதிர்கிறது, என்ன கோளாறு?

பதில்: மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி (ஸ்கேல்காரர்): கவ்வியை இறுக்கினேன். இப்போது 188.

பதில்: மேசை மரமா? மரமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடியில் இரும்புக் கட்டை வைத்துக் கவ்வுங்கள்.