வாரம் மூன்று மணி நேரம் ஓடியும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 37. சத்துவாச்சாரியில் வீடு, காட்பாடியில் வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் காலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் ஓடுகிறேன். மொத்தம் மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒதுக்க வழியில்லை. பத்து கிலோமீட்டருக்கு 71 நிமிடம் ஆகிறது, எட்டு மாதமாக ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பயிற்சியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறேன். இப்போதெல்லாம் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. மாதவிடாய் ஏழு நாள் நீடிக்கும், அது எப்போதுமே அப்படித்தான். இரவு படுக்க பதினொன்று ஆகிவிடும். நான்கு மணிக்கு எழுந்து இன்னும் இரண்டு நாள் சேர்த்தால் 65 நிமிடத்துக்கு வர முடியுமா? புரோட்டீன் பவுடர் உதவுமா?

பதில்: நான்கு மணிக்கு எழுவதை அப்புறம் பேசலாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது, படியேறினால் வாங்கும் மூச்சும் அந்த ஏழு நாளும். ஒன்றரை வருடமாக ஓடுகிறவருக்கு மாடிப்படி ஒரு பொருட்டாகவே இருக்கக் கூடாது. அதனால் ஓட்டத்துக்குப் புதுத் திட்டம் போடும் முன் ரத்தத்தைப் பாருங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), கூடவே தைராய்டு, சர்க்கரை, ஒரு ஈசிஜி.

ஹீமோகுளோபின் அன்றாடம் உலையில் போடும் அரிசி என்றால் ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். உலையில் அரிசி இருக்கிறது என்பதற்காகக் குதிர் நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள், ஓடுகிறவர்களுக்கு அந்த நிலையிலேயே கால் கனக்க ஆரம்பித்துவிடும். (காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பார்க்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும்.) இது அபூர்வ நோயும் இல்லை, நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தசைக்கு ஆக்சிஜன் சுமந்து போகும் வண்டியே குறைவாக இருக்கும்போது எத்தனை மணிக்கு எழுந்து ஓடினாலும் கடிகாரம் அசையாது.

குறைவு என்று தெரிந்தால் பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று ஆறு மாதம் கடத்த வேண்டாம். எனக்கு இதில் பொறுமை கிடையாது, மாத்திரைதான். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு நன்றாகவே உறிஞ்சும், வயிற்றுப் புரட்டலும் குறைவு. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரலும் சுவரொட்டியும் நல்லதுதான், பாட்டி சொன்னது இதில் சரி. கேழ்வரகுக் களியில் கால்சியம் நிறைய, ஆனால் இரும்புக்கு அதை நம்பாதீர்கள். அந்த ஏழு நாள் போக்கையும் மகளிர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஒரு ஸ்கேனில் கட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நேரம் குறைவாக இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறைத்தான் நீங்களும் செய்கிறீர்கள், நானும் பல வருடம் புறநோயாளிகளைப் பார்க்கப் போகும் முன் கிடைத்த நாற்பது நிமிடத்தை வீணாக்கக் கூடாது என்று தினமும் மூச்சிரைக்க ஓடிவிட்டு, கடைசியில் இடுப்பு வலிதான் மிச்சம். மூன்று நாளும் பந்தய வேகத்துக்குப் பக்கத்திலேயே ஓடினால், இதயத்தின் திறனை உண்மையிலேயே உயர்த்தும் அளவுக்கு அது வேகமும் இல்லை, உடம்பு தேறும் அளவுக்கு மெதுவும் இல்லை.

செவ்வாய் மட்டும் கடினம்: பத்து நிமிடம் மெதுவாக, அப்புறம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் நான்கு நிமிடம், இப்படி நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம் மெல்லோட்டம், கடைசியில் ஐந்து நிமிடம் தணிவு. மொத்தம் நாற்பது நிமிடம். நார்வேயில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே நான்குக்கு நான்கு முறையை வாரம் மூன்று நாள், எட்டு வாரம் செய்த இளைஞர்களுக்கு ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் ஏழு சதவீதம் கூடியது. உங்களுக்கு வாரம் ஒருமுறை போதும், ஆனால் ரத்தமும் ஈசிஜியும் பார்த்த பிறகுதான். வியாழன் நாற்பது நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவரிடம் மாமியார் கதை முழுக்கச் சொல்ல முடிகிற வேகம், கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிடம் ஆனாலும் வெட்கப்பட வேண்டாம். ஞாயிறு எண்பது நிமிடம் அதே மெதுவில், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் பந்தய வேகம். மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தைச் சமையலறையில் செலவிடுங்கள், குக்கர் விசில் வருவதற்குள் படியில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் ஆகும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

நான்கு மணி? வேண்டாம். பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம், ஓடிய ஓட்டத்தை உடம்பு வரவு வைப்பதே தூக்கத்தில்தான்.

அப்புறம், பங்குனி பிறந்ததும் கடிகாரத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, விடிகாலையிலேயே பாறையும் தாரும் சூடு கக்கும், ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடும். அந்த மாதங்களில் வேகம் குறைவது இயல்பு. நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் மட்டும் எந்த மாதமானாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

65 நிமிடம் வருமா? ரத்தம் சரியானால் ஏழெட்டு மாதத்தில் வரலாம் என்றுதான் நினைக்கிறேன். புரோட்டீன் பவுடருக்கு அவசியமில்லை, தினமும் பருப்பும் முட்டையும் போதும். ஒன்றரை வருடமாக ஒரே ஷூ என்றால் அது இதற்குள் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும், அந்தக் காசில் முதலில் அதை மாற்றுங்கள்.