சால்மனும் தூண்டிலும்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தில் ஒரு சால்மன் ஆற்றங்கரையில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியிருக்கிறேன். மீன்பிடி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: நம் ஆறுகளில் சால்மன் விட்டு வளர்க்க முடியாதா ஐயா?

முடியாது. சால்மன் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மணம் பிடித்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆறும் கடலும் இரண்டுமே குளிராக இருக்க வேண்டும். நம் கடலின் சூடு அதற்குத் தாங்காது.

கொட்டகலையிலிருந்து: அப்போ கடையில் வாங்குகிற சமன் டின்?

பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீன். சால்மன் என்ற பெயர் மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது.

தலவாக்கலையிலிருந்து: பிடித்த மீனைத் திரும்ப விட்டால் உண்மையிலேயே பிழைக்குமா அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. விடுகிறவர் கையைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் சால்மனை ஆற்றில் விட வேண்டும் என்பது சட்டம். வருடத் தொடக்கத்தில் ஆறு ஏறி வருகிற மீன்கள் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டன. ஆனால் விட்டதெல்லாம் பிழைத்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. நெடுநேரம் இழுத்துக் களைக்க வைத்த மீன் நீந்திப் போன பிறகும் சாகும். நீர் 20 பாகையைத் தாண்டினால் அதில் பிராணவாயு குறைவு, அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்நோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், வாய் கிழியாமல் கழன்று வரும். கையை நனைத்த பிறகே தொடுங்கள். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கவசம். அது உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். படம் எடுப்பதென்றால் மீன் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். அப்புறம் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அதுவாகத் திமிறிப் போகும்வரை தாங்கிப் பிடியுங்கள்.

ஒருவர் படத்துக்காகக் கரைக் கல்லில் கிடத்தி வைத்துவிட்டு விட்ட மீனை, மறுநாள் கீழ் மடுவில் வயிறு மேலாக மிதக்கக் கண்டேன். வயிறு நிறைய முட்டை. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நோர்வூட்டிலிருந்து: துணியால் பிடித்தால் வழுக்காதாமே?

வழுக்காது, கவசத்தைத் துணி துடைத்து எடுத்துவிடும். கையை நனையுங்கள்.

நானுஓயாவிலிருந்து: ஹோட்டன் சமவெளி ட்ரவுட்டும் சால்மன் குடும்பம்தானே? அதையும் பாதுகாக்க வேண்டாமா?

குடும்பம் அதேதான். வானவில் ட்ரவுட் பசிபிக் சால்மனுக்கு மிக நெருங்கிய சொந்தம். ஆனால் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன் அது. மலைக் குளிரில் தானாகவே பெருகிவிட்டது.

பண்டாரவளையிலிருந்து: நானுஓயாக்காரருக்குச் சொல்கிறேன். வந்தேறி மீனுக்கு எதற்குப் பாதுகாப்பு?

நானுஓயாவிலிருந்து: நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறதே, இன்னுமா வந்தேறி? எங்களையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த வார்த்தையின் வலி எனக்கும் தெரியும். என் தாத்தாவும் தோட்டத்துக்கு வந்தவர்தான். ஆனால் மனிதருக்குச் சொன்ன கொடுஞ்சொல்லை இங்கே கலக்காதீர்கள் இரண்டு பேரும். நான் பார்ப்பது யார் வாயில் யார் போகிறார்கள் என்பதை. சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சின்ன இறால் ஒன்று உண்டு, கரிடினா சிங்கலென்சிஸ். ட்ரவுட்டோ இறால், பூச்சிக் குடம்பி எது அகப்பட்டாலும் தின்னும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்தப் பக்கம்தான். ஒரே மீன் அமெரிக்க மேற்குக் கரையில் காக்க வேண்டியது, இங்கே பரவவிடக் கூடாதது. இருக்கிற ஓடையில் அது இருக்கட்டும், புது ஓடைக்கு வாளியில் தூக்கிப் போகாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து: அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே?

பாதி சரி. அடுத்த கேள்வி.

வட்டவளையிலிருந்து: அணை கட்டிய ஆற்றில் சால்மன் திரும்ப வருமா?

வழி திறந்தால் வரும். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024இல். அந்த இலையுதிர் காலத்திலேயே அணை இருந்த இடத்தைத் தாண்டி சால்மன் ஏறியது.

டிக்கோயாவிலிருந்து: எந்த முள் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். எதிர்முள் நசுக்கியது. கை நனைந்திருக்கட்டும்.

பொகவந்தலாவையிலிருந்து: எங்கள் பக்கம் வெடி போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். குஞ்சு குட்டியோடு மடுவே காலியாகிவிடும். பொலிசில் சொல்லுங்கள், நான்கு பேராகச் சேர்ந்து போங்கள்.

நுவரெலியாவிலிருந்து: சமவெளிக்குள் தூண்டில் போடலாமா?

அது தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.