அம்மம்மாவின் மூடற்பெட்டி கலைப்பொருளா?

யாழ்ப்பாணத்து அம்மம்மா பனையோலையால் இழைத்த மூடற்பெட்டியை, அதாவது மூடியுள்ள பெட்டியை, கலைப்பொருளாகக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். “ஒடியல் போட்டு வைக்கத்தானே இழைத்தேன்” என்று, உலர்த்திய பனங்கிழங்கை மனத்தில் வைத்து அவர் சொன்னாலும், அதைக் கலைப்பொருளாகவே வைக்கலாம். ஆக்கியவரின் நோக்கம் ஒரு சான்று மட்டுமே, தீர்ப்பு அன்று.

கலை என்று எண்ணிச் செய்தால்தான் கலை என்ற கருத்தே உங்களைக் குழப்புகிறது என நினைக்கிறேன். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலமொன்றில் ‘ஆர். மட்’ என்ற புனைபெயரில் ஒப்பமிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியபோது, தெரிவும் நோக்கமுமே ஆக்கமாயின. யாழ்ப்பாணத்துப் பெட்டியிலோ ஆக்கம் முழுவதும் விரல்களில் இருக்கிறது.

பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒடியலைக் காப்பதற்குச் சற்றும் தேவையில்லாத சிவப்புச் சாயமிட்ட சார்வோலை (இளம் பனையோலை), மூடியிலிருந்து அடிப்பெட்டிவரை கோடு பிசகாமல் இறங்குகிறதென்றால், அம்மம்மா வாயால் சொல்லாத ஒரு நோக்கம் அங்கே இருக்கிறது.

ஆனால் விளக்க அட்டையில் அவரை ‘ஓவியர்’, ‘சிற்பி’ என்றெல்லாம் எழுதாமல், ஒடியலுக்காக இழைத்தது என்ற அவருடைய சொல்லையே முதலில் எழுதுங்கள்.