14 மாதத்தில் சிலிண்டர் போர் தேய்ந்தால்: எஞ்சின் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் விசைப்படகின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு 14 மாதத்துக்கு முன்புதான் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்), பிஸ்டன், அதன் ரிங் எல்லாம் மாற்றினோம். இப்போது நீலப்புகை தள்ளுகிறது, ஆயிலும் குடிக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கழற்றியதில் “போர் (பிஸ்டன் ஓடும் உள்துளை) 0.12 மி.மீ. தேய்ந்திருக்கிறது, மறுபடி லைனர் போட வேண்டும்” என்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் தேயுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தேயும். ஆனால் அந்த 0.12 எந்த உயரத்தில், எந்தத் திசையில், எந்த அளவோடு ஒப்பிட்டு வந்தது என்று கேட்காமல் லைனர் வாங்காதீர்கள். மேற்குக் கடற்கரைத் தடை ஜூலை 31 வரை இருக்கிறது, நிதானமாக அளக்கலாம்.

ஒரு போருக்கு ஆறு அளவு வேண்டும். மேலே கார்பன் படிந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில், ரிங் ஓட்டம் முடியும் அடியில் என மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் கிராங்க் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. மைக்ரோமீட்டரை எஞ்சின் புத்தகம் சொல்லும் போர் அளவில் பூட்டி, டயல் போர் கேஜை (உள்விட்டம் அளக்கும் ஊசிக் கருவி) அதன் நடுவே வைத்துப் பூஜ்யம் பிடியுங்கள். போருக்குள் விட்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் ஊசி ஓரிடத்தில் திரும்பும். அந்த மிகக் குறைந்த அளவுதான் விட்டம். சாய்ந்திருக்கும் கேஜ் எப்போதும் கூட்டியே காட்டும். வெயிலில் கிடந்த பிளாக்கை உடனே அளக்கவும் கூடாது. 100 மி.மீ. போர் 20 டிகிரி சூடேறினால் 0.02 மி.மீ. விரிந்துவிடும்.

ஏழாவதாக, ரிங் எட்டாத அடிப்பகுதியில் ஒன்று அளங்கள். பலர் விடுவது இதைத்தான். அங்கேயே புத்தக அளவைவிட 0.05 கூடுதலாக இருந்தால், அது தேய்மானம் அல்ல, போட்டபோதே லூசாகப் போட்டது.

புத்தக அளவைவிட மேலே குறுக்கே 0.12, நீளவாக்கில் 0.07, அடியில் குறுக்கே 0.02 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஓவாலிட்டி (ஒரே உயரத்தில் இரு திசைக்கும் உள்ள வித்தியாசம்) 0.05, டேப்பர் (மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) 0.10. இவற்றை உங்கள் எஞ்சின் புத்தகம் தரும் வரம்போடு ஒப்பிடுங்கள். மேலே அதிகம் தேய்வது இயல்பு. ரிங் திரும்பும் அந்த இடத்தில் ஆயில் படலம் மெலிந்திருக்கும், வெடிப்பழுத்தமும் சூடும் அங்கேதான் உச்சம். இத்தனை சீக்கிரம் ஏன் என்பதற்கு ரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். மேல் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால் தூசி காற்றோடு வந்தது. ஏர் கிளீனர் ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் சோதியுங்கள். ஆயில் ரிங் அதிகம் தேய்ந்து, பேரிங்கிலும் கீறல் இருந்தால் அழுக்கு ஆயிலில் இருந்தது. பெரும்பாலும் ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தீட்டுவது) செய்த துகள் கழுவாமல் நின்றிருக்கும். டீசல் ஊற்றித் துடைத்தால் அது போகாது. சோப்பு, வெந்நீர், பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை கழுவி, உடனே ஆயில் பூச வேண்டும்.

ஒரே சிலிண்டர் மட்டும் தேய்ந்திருந்தால் அதன் டீசல் தெளிக்கும் நாசிலைச் சோதியுங்கள். ஒழுகும் டீசல் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். சூடாகக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தால், முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள். குளிர்ந்த சுவரில் நீராவி படிந்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். மேல்பகுதியில் பொடிப்பொடியாகக் குழி விழும்.

கேள்வி: போர் கேஜ் இல்லாமல் ரிங்கை வைத்தே தேய்மானம் பார்க்க முடியுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: டேப்பரை மட்டும் பார்க்கலாம். ரிங்கைப் போரின் அடியில் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) ரிங் முனைகளின் இடைவெளியை அளங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, மேட்டுக்குக் கீழே வைத்து அளங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் வரும். அடியில் 0.35, மேலே 0.70 என்றால் டேப்பர் சுமார் 0.11 மி.மீ. ஓவாலிட்டி இதில் தெரியாது. அதற்குக் கேஜ் உள்ள லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.