நோபல் பரிசு பெற்ற தூள் அரிசி ஆலைப் புகையைப் பிடிக்குமா?

கேள்வி: 2025இல் நோபல் பரிசு கிடைத்த உலோக-சேதனச் சட்டக (எம்ஓஎஃப்) தூளை வீட்டில் வைத்தால் ஆலைப் புகை அடங்குமா?

நீங்களும் ஆலைக்குப் பக்கத்து வளவில்தான் இருக்கிறீர்கள் போல. அடங்காது. உமிப் புகையில் நெஞ்சை அடைப்பது பெரும்பாலும் சாம்பலும் கரித்துகளும்; இந்தச் சட்டகம் பிடிப்பது வாயு மூலக்கூறுகளை. ஆலைக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச சபையிடமோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ எழுத்தில் கேளுங்கள். "ஆலையை மூடினால் நெல்லை எங்கே கொண்டுபோவது?" என்று சிலர் வருவார்கள். நானும் கமக்காரன் பிள்ளைதான், மூடச் சொல்லவில்லை. புகைபோக்கியில் சாம்பலைப் பிரிக்க வழி இருக்கிறது, அதைச் செய்யட்டும்.

அதற்காக அந்தப் பொருளைக் குறைவாக நினைக்காதீர்கள். உலோக அயன்களைச் சேதன மூலக்கூறுகளால் தொடுத்துக் கட்டிய கூடு அது. எம்ஓஎஃப்-5 என்ற வகையில் ஓரிரு கிராமுக்குள்ளேயே ஓர் உதைபந்தாட்டத் திடலளவு பரப்பு உண்டு. சிரட்டைக்கரியும் வாயுவைப் பிடிக்கும்; ஆனால் இதில் எந்த வாயு வேண்டுமோ அதற்கேற்ப துளையை அமைக்கலாம். செப்பில் செய்த எச்கேயுஎஸ்டி-1 என்ற சட்டகம் அமோனியாவை இறுகப் பிடிக்கும், ஈரம் சேர்ந்தால் சிதைந்துவிடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2018இல் காட்டிய அலுமினியச் சட்டகம் நைதரசனீரொட்சைட்டைப் பிடித்து, பிறகு விட்டும் கொடுக்கும்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, உயர்தர இரசாயனவியல் ஆசிரியன். ஆனாலும் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பரிசு பெற்ற மூவரில் ஒமர் யாகி, ஜோர்தானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே அறையில் மாடுகளோடு வளர்ந்தவர். பத்து வயதில், பூட்டியே கிடக்கும் பாடசாலை நூலகத்துக்குள் நுழைந்து மூலக்கூற்றுப் படங்களைக் கண்டவர். நான் 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கொட்டிலில், இரவல் குறிப்புகளை வைத்துப் படித்துப் பரீட்சை எழுதினேன். இந்தக் கதையைக் கிளிநொச்சியில் என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும், "சேர், அவருக்கு ஆய்வுகூடம் திறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முன்பு நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் அளவிகளும் குடுவைகளும் புதிதாகவே அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. உடைந்தால் யார் கணக்குக் காட்டுவது என்ற பயம். கரைசலின் செறிவை அளக்கும் நியமிப்புப் பரிசோதனையைப் பிள்ளைகள் கரும்பலகையில்தான் பார்த்தார்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் சாவிக்குக் கெஞ்ச வேண்டியிருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். வன்னியில் படிப்பிக்கிற எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.