கிளப்பில அட்வான்ஸ் எடுத்து மாமாவுக்கு வட்டி கட்டுறன், இதில இருந்து எப்படி வெளியில வாறது?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயசு, ஊர் கொக்குவில், இப்ப வெள்ளவத்தையில ரூம் எடுத்து இருக்கிறன். நடிக்கோணும் எண்டுதான் கொழும்புக்கு வந்தனான். நாலு குறும்படம், ஒரு பாட்டு வீடியோ, ஒரு விளம்பரம் செய்திட்டன், எல்லாம் சேர்த்துக் கிடைச்சது ரெண்டு மாச ரூம் வாடகைக்கும் காணாது. இப்ப ஒரு நைட் கிளப்பில ஆடுறன். மேடை நடனம் எண்டு நினைக்காதேங்கோ, குறைஞ்ச உடுப்போட ஆடுற ஆட்டம், வீட்டுக்குத் தெரியாது, ஹோட்டல்ல ஈவண்ட் வேலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஒரு இரவுக்கு 6,000, மாசம் 18 இரவு, சம்பளம் 15ஆம் திகதி. டிப்ஸ் ஒரு 70,000 வரும். அண்ணாவை பிரான்சுக்கு அனுப்ப மாமாவிட்ட 5 லட்சம் அஞ்சு வட்டிக்கு வாங்கினது, ஏஜென்சிக்காரன் ஏமாத்தி அண்ணா பாதி வழியில திரும்பி வந்திட்டார், 20 மாசமா வட்டி நான்தான் கட்டுறன். ஒவ்வொரு மாசமும் கிளப்பில அட்வான்ஸ் எடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புறன். இப்ப யாழ்ப்பாணத்தில எடுக்கப்போற ஒரு படத்துக்கு ரெண்டு நாள் ஒடிஷனுக்குக் கூப்பிட்டிருக்கினம், மனேஜர் அட்வான்ஸ் கணக்கு முடிச்சிட்டுப் போ எண்டு சொல்லுறார். கூட ஆடுற பிள்ளை ஒரு ட்ரேடிங் ஆப்பில காசு போடச் சொல்லுறா, மாசம் 10 வீதமாம். இன்னொரு டைரக்டர் 2 லட்சம் பங்கு போட்டால் ஹீரோயின் சான்ஸ் எண்டு சொல்லுறார். எதைச் செய்ய? என்னைப் பற்றி என்ன நினைப்பீங்களோ தெரியாது.

பதில்: பிள்ளை, வரவு செலவு எழுதுங்கோ, சிக்கனமா இருங்கோ எண்டெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அனுப்பின கணக்கில ஓட்டோக் காசு வரைக்கும் எழுதி வைச்சிருக்கிறீங்கள், எனக்கு எழுதுற கனபேர் இதில பாதியும் செய்யிறேல்லை. மற்றது, உங்களைப் பற்றி என்ன நினைப்பன் எண்டு கேட்டனீங்கள். இரவிரவா நிண்டு ஆடி உழைச்ச காசில ஒரு குடும்பம் சாப்பிடுது, அண்ணன்ர கடனுக்கும் அதில இருந்துதான் போகுது, இதைத்தான் நான் நினைக்கிறன், வேற ஒண்டும் இல்லை.

உங்கட பிரச்சினை வருமானத்திலயும் இல்லை செலவிலயும் இல்லை. கிளப்பில அட்வான்ஸ் கணக்கு எழுதுற சிவப்புக் கொப்பியின்ர பக்கத்தை நீங்கள் படம் எடுத்து அனுப்பினனீங்கள், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பெரிசாக்கிப் பார்த்தனான். இடப்பக்கம் 5ஆம் திகதி எடுத்த அட்வான்ஸ் 60,000, அதுக்கு நேர வலப்பக்கம் 15ஆம் திகதி சம்பளத்தில வெட்டினது 69,000, கீழ உங்கட கையெழுத்து, பிறகு அடுத்த மாசம் அதே 5, அதே 15, அதே கையெழுத்து, பக்கம் முழுக்க அப்படியே போகுது. அதாவது மாமா 5ஆம் திகதி காசு கேக்கிறார், கிளப் 15ஆம் திகதிதான் சம்பளம் போடுது, இந்த இடையில கிடக்கிற 10 நாளுக்காக நீங்கள் 9,000 குடுக்கிறீங்கள். மாமாவின்ர அஞ்சு வட்டி மாசத்துக்கு 5 வீதம், அதையே நான் அநியாயம் எண்டு சொல்லுவன், ஆனா இது 10 நாளுக்கு 15 வீதம். ஊரில மீற்றர் வட்டிக்காரரைத் திட்டுறம், கிளப்காரர் அதுக்கு கொமிஷன் எண்டு பேர் வைச்சிருக்கினம்.

9,000 சின்னக் காசு மாதிரித் தெரியும். 12 ஆல பெருக்கிப் பாருங்கோ, 1,08,000 வருது. உங்கட 18 இரவுச் சம்பளமும் அதே 1,08,000 தான். வருசத்தில ஒரு மாசம், 18 இரவும், உங்களுக்கும் இல்லாமல் வீட்டுக்கும் இல்லாமல் அந்தக் கொப்பிக்காக மட்டும் ஆடுறீங்கள்.

இப்ப முழுக் கணக்கையும் குத்துமதிப்பாப் பாப்பம். வாறது 1,08,000 உம் 70,000 உம், சேர்த்து 1,78,000. ரூம் 35, சாப்பாடு 30, இரவு வீட்டுக்கு வாற ஓட்டோ 25, உடுப்பு மேக்கப் 15, ஒடிஷன் போட்டோ எண்டு 10, எல்லாம் ஆயிரத்தில, அது 1,15,000. வீட்டுக்கு 60,000, அதில 25 மாமாவின்ர வட்டி, 20 அம்மாவுக்கு, 15 திடீர் திடீரெண்டு வாற செலவு. கழிச்சால் 3,000 மிஞ்சோணும். ஆனா கொப்பி 9,000 ஐ வெட்டுது, அப்ப மாசம் 6,000 குறையுது, அந்த 6,000 ஐத்தான் ரூம் பிள்ளையளிட்ட கைமாத்து வாங்குறீங்கள். இவ்வளவு உழைக்கிற ஒராள் சோத்துக் காசுக்குக் கைமாத்து வாங்கிறதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கேல்லை பிள்ளை.

காசு போறதை விட மோசம் என்னெண்டால் அந்த அட்வான்ஸ் உங்களைக் கட்டி வைச்சிருக்கு. ஒடிஷனுக்குப் போக ரெண்டு நாள் லீவு கேக்க ஏலாது, கணக்கு நிக்குது. நாளைக்கு மனேஜர் இன்ன இடத்தில பிறைவேட் பார்ட்டி, வந்து ஆடு எண்டால், மாட்டன் எண்டு சொல்லக்கூடிய வாயையும் அந்தக் கணக்குத்தான் அடைக்கும். நடிக்க வந்த பிள்ளைக்கு ஒரு ராத்திரி வேலையால வாற நன்மையே பகல் சும்மா இருக்கிறதும் விரும்பினால் விட்டுட்டுப் போகலாம் எண்டதும்தான், அந்த ரெண்டாவதை நீங்கள் மாசம் 9,000 குடுத்து விக்கிறீங்கள்.

அதால முதல் வேலை அட்வான்சை நிப்பாட்டுறது. அதை நிப்பாட்ட 5ஆம் திகதி மாமாவுக்குக் கட்டுற தேவை இல்லாமல் போகோணும். மாமாவுக்கு இதுவரைக்கும் 25,000 படி 20 மாசம், அஞ்சு லட்சம் கட்டியாச்சு, வாங்கின அளவு அப்படியே திருப்பிக் குடுத்தாச்சு, முதலில ஒரு ரூபாவும் குறையேல்லை. இப்படியே 60 வயசு வரைக்கும் கட்டினாலும் குறையாது, ஏனெண்டால் நீங்கள் வட்டி மட்டும்தான் கட்டுறீங்கள்.

கடிதத்தின்ர கடைசியில அம்மாவின்ர அலுமாரிக்குள்ள உங்கட பேரில சேர்த்த 4 பவுண் கிடக்கு, சங்கிலியும் ரெண்டு காப்பும், அது கலியாணத்துக்கு எண்டு எழுதியிருந்தனீங்கள். அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண டவுனில இருக்கிற ஏதாவது ஒரு பாங்குக்கு நீங்களே போங்கோ. உரசிப் பார்த்து நிறுத்து அந்த இடத்திலயே எவ்வளவு தரலாம் எண்டு சொல்லுவினம். இப்ப இருக்கிற தங்க விலைக்கு 4 பவுணுக்கு ஐஞ்சரை லட்சம் தாராளமா வரும், கூடவும் தருவினம், தரினம் எண்டதுக்காகக் கூட எடுக்கக் கூடாது. 5,40,000 எடுங்கோ. அஞ்சு லட்சம் மாமாவுக்கு, 40,000 ஒரே ஒரு முறை அந்த 5க்கும் 15க்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்ப. அதுக்குப் பிறகு அம்மாவுக்கு அனுப்புற நாளை 16ஆம் திகதிக்கு மாத்திப்போடுங்கோ, அம்மா பத்து நாள் பொறுப்பா, பாங்க் வட்டியும் மாசம் முடிய முடியக் கட்டலாம்.

பாங்க் அடகு வட்டியை நான் வருசத்துக்கு 14 வீதம் எண்டு வைச்சுப் பார்க்கிறன், பாங்குக்கு பாங்க் கொஞ்சம் ஏறி இறங்கும், ரெண்டு மூண்டு இடத்தில கேளுங்கோ. 5,40,000க்கு வருசம் 75,600, மாசம் 6,300. இப்ப நீங்கள் மாமாவுக்கும் கொப்பிக்கும் சேர்த்துக் குடுக்கிறது 34,000. மிச்சம் 27,700. அதில 6,000 உங்கட மாதக் குறைவுக்குப் போகட்டும், கைமாத்து இனி வேண்டாம், மிஞ்சுறதில 20,000 ஐ மாசாமாசம் அடகிலயே கட்டுங்கோ. பகுதி பகுதியாக் கட்ட பாங்கில விடுவினம், கட்டக் கட்ட வட்டியும் குறையும். ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், நகை திரும்பி வந்திடும், கடனும் இராது. வழமையா அடகு ஒரு வருசத்துக்குத்தான், முடியிற திகதியை போனில போட்டு வைச்சு, போய் வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கோ, மறந்தால் ஏலத்துக்குப் போயிடும்.

இதில ரெண்டு விசயத்தில நான் கண்டிப்பா இருப்பன். ஒண்டு, அடகுச் சீட்டு உங்கட பேரில, உங்கட அடையாள அட்டையில இருக்கோணும். அண்ணா போய் வைச்சிட்டு வாறன், மாமாவுக்கு பாங்கில ஆளைத் தெரியும் எண்டு ஆர் சொன்னாலும் வேண்டாம், ஏனெண்டால் சீட்டில ஆற்ற பேர் இருக்கோ அவரிட்டத்தான் நகையைத் திருப்பிக் குடுப்பினம், இதில தங்கட சொந்த நகையை இழந்த பொம்பிளைப் பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். மற்றது, மாமாவிட்ட காசைக் குடுக்கேக்க புரோநோட்டையோ கையெழுத்து வைச்ச வெறும் செக்கையோ, எது குடுத்தனீங்களோ அதை அதே இடத்தில கையில வாங்குங்கோ. அம்மாவையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு குடுங்கோ. முழுசாத் தாறன், கடைசி மாச வட்டியை விடுங்கோ மாமா எண்டு கேட்டும் பாருங்கோ. விட்டால் நல்லம், விடாட்டி கட்டிப்போட்டு வாங்கோ, அதுக்காகச் சண்டை பிடிச்சு நாளைக் கடத்தினால் இன்னொரு 25,000 போகும்.

அம்மா கலியாண நகையைத் தொடாதை எண்டு அழுவா, எனக்குத் தெரியும். அலுமாரிக்குள்ள நகை சும்மா கிடக்கேக்க நீங்கள் வருசம் 4 லட்சத்துக்கு மேல வட்டியும் கொமிஷனுமாக் கட்டுறீங்கள் எண்டதை அவவுக்கு ஒரு தாளில எழுதிக் காட்டுங்கோ, கிளப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சம்பள அட்வான்சுக்குக் காசு வெட்டுறாங்கள் எண்டால் காணும். வேலையை மறைக்கிறதால வாற குற்ற உணர்ச்சியிலதான் வீட்டில கேக்கிற எதுக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லுறீங்கள் எண்டு உங்கட கடிதத்தை வாசிக்க எனக்குப் பட்டது. அந்த 15,000 திடீர்ச் செலவு எனக்கு அதாலதான் உறுத்துது, போன மாசம் அண்ணாவின்ர புதுப் போனும் அதுக்குள்ள இருக்கு. கடன் அவருக்காக எடுத்தது. ஊரில மேசன் வேலைக்குப் போனாலும் நாள்கூலி வருது, மாசம் ஒரு பத்தாயிரம் அடகுக்குக் கட்டச் சொல்லிக் கேளுங்கோ, கோவிச்சால் கோவிக்கட்டும்.

ட்ரேடிங் ஆப் கதைக்கு நான் கனக்க எழுதப்போறேல்லை. மாசம் 10 வீதம் ஆராவது உண்மையில உழைச்சால் அவை உங்கட காசைத் தேடி வரமாட்டினம். ஆள் சேர்த்தால் கொமிஷன் எண்டும் சொல்லியிருக்கினம், அப்படி ஆள் சேர்க்கிற பிரமிட் திட்டம் இலங்கையில வங்கிச் சட்டத்தின்ர 83சி பிரிவில தடை, சேர்த்து விட்ட ஆளும் குற்றவாளிதான். உங்கட கூட்டாளிக்கும் இதைச் சொல்லுங்கோ, பாவம் அவவும் டிப்ஸ் காசைத்தான் போட்டிருப்பா.

அந்த டைரக்டருக்கும் இதே பதில்தான். நடிக்கிற ஆளுக்குத்தான் காசு குடுக்கோணும், நடிக்கிற ஆளிட்ட வாங்கக் கூடாது. குறும்படம் எண்டால் சாப்பாடும் பஸ் காசும்தான் கிடைக்கும், அது எங்கட இடத்து நிலைமை, அதில பிழை இல்லை, ஆனா 2 லட்சம் போட்டு ஹீரோயின் எண்டால் அந்த ஆளுக்கு வேண்டியது உங்கட நடிப்பு இல்லை.

இன்னொண்டு, டிப்ஸ் காசைப் பேர்சுக்குள்ள வைச்சுக் கரைக்காமல் கிழமைக்கு ஒருக்கா பாங்கில போடுங்கோ. உங்களுக்கு சம்பளச் சீட்டு இல்லை, நாளைக்கு ஒரு கடனோ விசாவோ எண்டால் பாங்க் புத்தகம்தான் கதைக்கும். வருசம் 21 லட்சத்துக்கு மேல வருது, வரி விலக்கு 18 லட்சம், அப்ப மிச்சத்துக்கு 6 வீதம், ஒரு 20,000 வரைக்கும் வரும், தொழில் செலவு கழிச்சால் அதுவும் இல்லாமல் போகலாம். வரி இலக்கம் எடுத்து ஒழுங்கா வைச்சிருங்கோ, காசு எங்கால வந்தது எண்டு ஆரும் கேட்டால் பயப்பிடத் தேவையில்லை.

ஒடிஷன் எந்தத் திகதி எண்டு நீங்கள் எழுதேல்லை. 15க்குப் பிறகு எண்டால் சம்பளத்தில 69,000 வெட்டுப்பட்டு கணக்கு முடிஞ்சிடும், அடுத்த அட்வான்சுக்குக் கையெழுத்து வைக்காமல் இரவு பஸ் ஏறுங்கோ. அதுக்கு முதல் எண்டால் இப்பவே ஒரு ஓய்வு நாள் பார்த்து ஊருக்கு வந்து அடகை வையுங்கோ, அந்த 40,000க்குப் பதிலா 69,000 கூட்டி எடுத்து கொப்பியை முடியுங்கோ, 15ஆம் திகதி முழுச் சம்பளமும் கைக்கு வரும், கூட எடுத்த 29,000 ஐ உடன அடகில திருப்பிக் கட்டிப்போடலாம். காசைக் கட்டேக்க கொப்பியில முடிஞ்சுது எண்டு எழுதி மனேஜரிட்டக் கையெழுத்து வாங்கி அதையும் படம் எடுத்து வைச்சிருங்கோ. கட்டின பிறகும் விடமாட்டன், வீட்டுக்குச் சொல்லுவன் எண்டு ஆராவது வெருட்டினால் 1938 எண்ட பெண்கள் உதவி இலக்கத்துக்கு அடியுங்கோ, தமிழிலயும் கதைக்கலாம்.