ஒரே ரெஸ்யூமேவை எல்லா வேலைக்கும் அனுப்பினால் ஏன் பதில் வருவதில்லை?

ரெஸ்யூமே என்பது, ‘இந்த வேலையை இவரால் செய்ய முடியும்’ என்று நம்பவைக்கும் ஒன்றிரண்டு பக்கச் சுருக்கம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வாங்கித் தருவதுதான் அதன் வேலை.

அதைப் படிப்பவர் முன்னால் ஒரு குவியலே இருக்கும். முதல் சுற்றில் வரிக்கு வரி படிக்க நேரம் இருக்காது. விளம்பரத்தில் கேட்டது இருக்கிறதா என்றுதான் கண் தேடும். பல நிறுவனங்களில் மென்பொருளும் அதே சொற்களைத் தேடுகிறது. வழி கேட்பவரிடம் ஊர் வரைபடம் முழுவதையும் விரித்துக் காட்ட மாட்டோம்; அவர் போக வேண்டிய தெருவைத்தானே சொல்வோம்? இதுவும் அப்படித்தான்.

ஆகவே விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் முதலில் கேட்பது எதுவோ, அது உங்கள் முதல் அரைப் பக்கத்திலேயே இருக்கட்டும். சமீபத்திய வேலை மேலே, பழையது கீழே. அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: ‘வாடிக்கையாளர் சேவையைக் கவனித்தேன்’ என்பது பொறுப்பை மட்டும் சொல்கிறது. ‘தினமும் 40 புகார்களைக் கையாண்டேன், பெரும்பாலானவற்றை அன்றே தீர்த்தேன்’ என்பது திறமையைக் காட்டுகிறது. எண் கையில் இல்லையா? பரவாயில்லை, உங்களால் என்ன மாறியது என்று எழுதுங்கள். ‘கடின உழைப்பாளி’ போன்ற சொற்களை எடுத்துவிடலாம். அனுப்பும் முன் எழுத்துப்பிழைகளை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலைக்கேற்ப மாற்றுவது என்றால் இல்லாத தகுதியைச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இருப்பவற்றில் எதை முன்னால் வைப்பது என்பது மட்டுமே மாறுகிறது.